பட்டமும் பதிவு மூப்பும்

மணப்பட்டு அடங்கிய கொம்யூனின் தலைமையூர் வாகூர். அங்குக் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது இது. அக்கல்வி எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும், கற்றோர் எதனைக் கொண்டு வாழ்வர் என்னும் வினாவிற்கு அக்கொடையில் விடை இருந்தது.

பிரெஞ்சு ஆட்சியில் கற்றோர் பலர் அரசுப்பணி நாடிக் கடல் கடந்து சைகோன் முதலிய இந்தோசீன நகரங்களுக்குச் சென்றனர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியினின்றும் இந்தோசீனத்தினின்றும் நீங்கவே, அவ்வழி அடைபட்டது. பின்னர் 1961இல் தாகூர் கலைக் கல்லூரியும், 1985இல் புதுவைப் பல்கலைக்கழகமும் தோன்றின. உழவர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் முதற் பட்டதாரிகள் எழுந்தனர். கல்வி பரவிய விரைவில் அதற்கேற்ற வேலை பெருகவில்லை.

அவர்கள் நம்பிச் சென்ற இடம் வேலைவாய்ப்பு அலுவலகம். இவ்வமைப்பு பட்டதாரிகளுக்கென்று தோன்றியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையினின்று விடுவிக்கப்பட்டோரை மறுவாழ்வில் அமர்த்த 1945இல் ஏற்பட்டது; 1948இல் வேலை தேடுவோர் அனைவருக்கும் திறக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடங்களை இவ்வலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டுமென்றது; இதன் வழியாகவே ஆள் எடுக்க வேண்டுமென்று கூறவில்லை. எனினும் அரசுப்பணிகள் பலவற்றிற்கு இங்கிருந்தே பெயர்கள் சென்றமையால், பதிவு மூப்பு ஒரு சொத்தைப் போலப் போற்றப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தவறியவன் நிலத்தை இழந்தவன் போல் வருந்தினான்.

1996இல் உச்ச நீதிமன்றம், அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நில்லாது, நாளிதழ் விளம்பரம் வாயிலாகவும் விண்ணப்பம் பெற்று, தகுதியுடைய அனைவரையும் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதியின்பாற்பட்ட தீர்ப்பே அது. பதிவு செய்யாதவனுக்கும் உரிமை உண்டன்றோ! ஆனால் பல்லாண்டுகள் காத்திருந்தவனின் மூப்பு வலுவிழந்தது. நேற்றுப் பட்டம் பெற்றவனோடு அவன் தேர்வெழுத வேண்டியதாயிற்று. வயது வரம்போ அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

மறுபுறம், பட்டமில்லாதாரையும் வாழவைத்த ஆலைகள் நலிந்தன. 1898இல் தோன்றிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. தந்தை ஆலைச் சம்பளத்தில் மகனைப் பட்டதாரியாக்கினார். மகனுக்கோ ஆலையும் இல்லை, அலுவலகமும் இல்லை.

வேலையற்ற பட்டதாரி மகளிரின் துயரும் சிறிதன்று. ஆயினும் ஆடவனுக்கு வேலையே பெயராகிவிட்டது. பெண் கேட்டுச் செல்லும் வீட்டில் முதல் வினா, "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்பதே. அதற்கு விடையில்லாதவன் ஊர்த் திருவிழாவிலும் ஒதுங்கி நிற்கின்றான். சோம்பேறி என்று அவனைச் சுட்டும் நாம், அரசே அமைத்த வரிசையில் ஒழுங்காக நின்றவன் அவன் என்பதை மறந்துவிடுகின்றோம்.

பழைய வாகூர்க் கல்வி சிலர்க்கே உரியது. இன்றைய கல்வி பலர்க்கு உரியது. இது பெரும்பேறு. ஆனால் அன்று கல்வியோடு வாழ்வுக்கும் வழி வகுத்தனர். நாமோ பட்டத்தை அளித்துவிட்டு வாழ்வைப் பட்டதாரியின் பொறுப்பில் விட்டோம். புதிய கல்லூரி திறக்கும்போதே, அங்குக் கற்போர்க்கு எவ்வேலை, எவ்வூரில் என்று கேட்கும் கடமை ஆள்வோர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு. பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்க்கும் இம்மன்றமும் அவ்வினாவை எழுப்புமாக!