'தேவை' யாருடையது?

ரோட்டை அகலப்படுத்தச் சொல்லும் அறிக்கை எதுவும் 'தேவை' என்ற சொல்லில்தான் வந்து நிற்கிறது. அந்தத் தேவையைக் கணித்துத் தரும் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும், கார்கள் பெருகி விரைவுச்சாலைகள் திட்டமிடப்பட்டபோது உருவானது போக்குவரத்து மாதிரி. நகரத்தை மண்டலங்களாகக் கூறுபோடு. எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த ரோட்டில் போகும் என்று கணி. இருபது வருஷம் கழித்து வரப்போகும் நெரிசல் கிடைத்துவிடும். புதுச் சாலையால் மிச்சமாகும் நிமிஷங்களுக்கு ரூபாயில் விலை போட்டால் அதுதான் 'பயன்'. கார்க்காரரின் நேரத்துக்குக் கூடுதல் விலை, பஸ்ஸில் போகிறவர் நேரத்துக்குக் குறைவு, வருமானம்தான் அளவுகோல்.

மெட்ராசில் இவ்வகை ஆய்வு 1960களின் கடைசியில் தொடங்கியது. 1992-95லும் 2008லும் மறுபடி நடந்தது. அந்த எண்களையே பார்ப்போம். 1970ல் மொத்தப் பயணங்களில் நடை 21 விழுக்காடு, சைக்கிள் 20, கார் 3. 2008ல் நடை 28, சைக்கிள் 6, கார் 6. ஆக, கணக்கெடுப்பில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். காணாமல் போவது அடுத்த கட்டத்தில். ரோட்டின் கொள்ளளவை அளக்கும் அலகுக்கே 'பயணிக் கார் அலகு' என்று பெயர். இந்திய சாலைக் காங்கிரஸ் நெடுஞ்சாலைக்கு வகுத்த அளவில் சைக்கிள் அரைக் கார், பஸ் 3 கார். எண்பது பேர் தொங்கிக்கொண்டு போனாலும் மூணு கார்தான். நடக்கிற மனுஷனுக்கு எண்ணே கிடையாது.

தாம்பரத்தை இதில் வைத்துப் பாருங்கள். 1931ல் கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் வந்தது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் அந்தத் தண்டவாளத்தையும் பக்கத்தில் ஓடும் ஜி.எஸ்.டி. ரோட்டையும் ஒட்டிப் பெருத்த ஊர்கள். மேற்கிலிருந்து ஸ்டேஷனுக்கு, கிழக்கிலிருந்து மார்க்கெட்டுக்கு என்று ஜனங்கள் ரோட்டைக் குறுக்கே கடக்கிறார்கள். மாதிரியோ ரோட்டை நெடுக்கில் மட்டுமே பார்க்கும். ஒரு மண்டலத்துக்குள்ளேயே முடியும் பயணத்தை அது எந்த ரோட்டிலும் ஏற்றுவதில்லை. அகன்ற ரோட்டைத் தாண்ட ஒரு கிழவி காத்து நிற்கும் நிமிஷங்கள் செலவில் வராது. கார் மிச்சம்பிடித்த நிமிஷங்கள் வரவில் வரும். நேற்று எங்கெங்கே போனீங்க என்று வீடுவீடாகக் கேட்பார்கள். பயந்து போகாமல் விட்டதைக் கேட்பதில்லை.

சாலை வந்தாலும் வராவிட்டாலும் பயணங்களின் எண்ணிக்கை ஒன்றே என்ற அனுமானம் வேறு. 1994ல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே, புதுச் சாலை புதுப் பயணங்களை உண்டாக்கும் என்று எழுதியது. (காரோட்டிகளுக்கு அது முன்பே தெரியும்.)

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் வரைபடத்தோடு இவற்றையும் கேட்கலாம்: மண்டல எல்லை எங்கே ஓடுகிறது? நடை எந்தக் கட்டத்தில் விடுபட்டது? சாலை போடாவிட்டால் எத்தனை பயணம் என்று வைத்தீர்கள்?