களிமண்ணில் பிறந்த எழுத்து

மனிதகுல வரலாற்றில் நகர நாகரிகம் முதன்முதலில் தழைத்த இடங்களுள் ஒன்று, யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கிடையே அமைந்த சுமேரிய நாடாகும். அங்கே கால்வாய் வெட்டியும், வாற்கோதுமை விளைவித்தும், பச்சைச் செங்கல் அறுத்தும் ஊருக் நகரை எழுப்பியவர்கள் உழைப்பாளிகளே.

கி.மு. 3300 அளவில் அந்நகரில் எழுத்து தோன்றியது. அது காவியம் பாடத் தோன்றவில்லை. களஞ்சியத் தானியத்தையும் வேலையாட்களுக்கு அளந்த கூலியையும் களிமண் பலகையில் கணக்கிடவே தோன்றியது. கூலி பெற்றவர்களோ அக்கணக்கைப் படிக்க அறியார். பிற்காலத்தில் 'பலகை வீடு' எனும் பள்ளிகள் எழுந்தபோதும், அவற்றில் பயின்றோர் பெரும்பாலும் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளே.

இளைஞர்களே! நம் முன்னோர் நிலையும் இதுவன்றோ? நம் பெயரைப் பிறர் எழுதிய காலம் போதும்; நம் கணக்கை நாமே எழுதுவோம். இவ்வெள்ளிவிழா நாளில் நாம் ஏற்கும் உறுதி இதுவாகட்டும்.