விறகு அரிய சங்கிலி வாள்: காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

2022 ஏப்ரல் 22ஆம் திகதி லிட்ரோவின் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவானது. அதற்கு முந்திய ஒக்டோபர் தொடக்கத்தில் அதே சிலிண்டர் 1,493 ரூபா. கூட்டிய விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. பாண்டிருப்பில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அம்மா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். இரண்டு கிழமைக்குள் தென்னை மட்டையும் சிரட்டையும் முடிந்துபோயின. விழுந்து கிடந்த ஒரு வேம்பையும் பட்டுப்போன மாமரத்தையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

மாமா பக்கத்து வீட்டுக்காரருடன் பங்கு போட்டு ஒரு சங்கிலி வாள் வாங்கினார். 58 சிசி எஞ்சின், 22 அங்குல அலகு. கடையில் இருந்ததிலேயே பெரியதும் அதுதான், மலிவானதும் அதுதான். மூன்றாம் நாள் அந்த வாள் துள்ளி அவருடைய இடது தோளைக் கிழித்தது. நான்கு தையல். முகம் தப்பியது அவர் கொஞ்சம் விலகி நின்றதால் மட்டுமே.

“மருமகன், நீ படிச்ச பொடியன். எதை வாங்கியிருக்க வேணும் எண்டு தேடிப் பார்த்துச் சொல்லு” என்றார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது. கைநூல்களைப் படித்தும், மரம் அரிவதையே தொழிலாகச் செய்பவர்களுடன் கதைத்தும் நான் தெரிந்துகொண்டது இது. சிலிண்டர் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் எங்கள் ஊரில் பல வீடுகள் விறகடுப்பை அணைக்கவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு விறகு வேண்டும்?

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 கிலோ விறகு எரிகிறது. வருடத்துக்கு ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. இதில் பாதி மட்டை, பாளை, சிரட்டை, சுள்ளி. இவற்றுக்குக் கத்தி போதும். வாள் தேவைப்படுவது மீதி 700 கிலோவுக்குத்தான். காய்ந்த வன்மரத்தில் இது ஏறத்தாழ ஒரு கன மீற்றர். பழகிய ஒருவர் இதை ஒன்றிரண்டு நாளில் அரிந்து முடித்துவிடுவார்.

ஆகவே வருடத்தில் இரண்டு நாள் வேலைக்குத்தான் இயந்திரம் தேடுகிறோம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பல வீடுகளுக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதே இலாபம் என்று தெரியவரும். மரத்தை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, நான்கைந்து வீட்டார் ஒரே நாளில் வாள்காரரைக் கூப்பிட்டால் செலவு பங்காகும். தென்னந்தோட்டமோ வயல்கரை மரங்களோ உள்ளவர்களுக்குச் சொந்த வாள் பயன்படும்.

பெற்றோலா, மின்சாரமா, பற்றரியா?

வளவுக்குள் மட்டும் அரிவதென்றால் மின்சார வாள் போதும். விலை குறைவு, சத்தம் குறைவு, பராமரிப்பும் குறைவு. 2,000 வற் வாள் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மெல்லிய நீட்டு வயரில் பூட்டினால் வயர் சூடேறும், மோட்டாரும் கெடும். தடித்த வயர் வாங்குங்கள். மழை ஈரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

பெற்றோல் வாளை எங்கும் கொண்டுபோகலாம். பெரும்பாலானவை பெற்றோலுடன் டூ-ரீ ஒயில் கலந்து ஓடுபவை. கைநூலில் 50க்கு 1 என்று இருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். ஒயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி வையுங்கள்.

பற்றரி வாள் பூவரசு, கிளிசிரியா போன்ற கை, தொடைத் தடிப்பு மரங்களுக்கு நல்லது. மாற்றுப் பற்றரியின் விலையைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எரிபொருள் நெருக்கடிக்காகவே வாள் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். அந்த ஓகஸ்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குக் கிழமைக்குக் கிடைத்த பெற்றோல் 4 லீற்றர். எரிவாயு இல்லாத காலத்தில் வாளை ஓட்டும் பொருளும் இருக்கவில்லை. கோடாலியையும் கைவாளையும் விற்றுவிடாதீர்கள்.

அலகின் நீளம்

நீங்கள் வழக்கமாக அரியும் மரத்தின் குறுக்களவை விட அலகு இரண்டு அங்குலமாவது நீண்டிருந்தால் போதும். வீட்டு விறகில் பெரும்பாலும் பத்து அங்குலத்துக்கு மேல் தடித்த மரம் வருவதில்லை. 12 முதல் 16 அங்குல அலகும் 30 முதல் 45 சிசி எஞ்சினும் தாராளம். உதாரணமாக, ஜேர்மனியின் ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 180 என்ற வீட்டுப் பாவனை வாள் 31.8 சிசி, அலகும் சங்கிலியும் இல்லாமல் ஏறத்தாழ 4 கிலோ. மாமா வாங்கிய 22 அங்குல வாள், மரம் தறிப்பவர்களுக்கு உரியது. கை தளர்ந்த பிறகு நீண்ட அலகின் நுனி எங்கே போகிறது என்று பார்ப்பது கடினம்.

உதிரிப் பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், திருத்துபவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெயர் தெரியாத வாளை மலிவாக வாங்கி, ஒரு காபரேற்றருக்காக மாதக்கணக்கில் மூலையில் வைத்திருப்பவர்களை அறிவேன்.

மாமாவின் தோளில் பட்டது ஏன்?

அலகு நுனியின் மேற்பாதி எதிலாவது முட்டினால் சங்கிலி அங்கே கடிபடும். முழு வேகத்தில் சங்கிலி செக்கனுக்கு 20 மீற்றரளவில் ஓடும். அந்த விசை வாளை அப்படியே மேலேயும் பின்னேயும், பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி, எறிந்துவிடும். கண் இமைக்கும் முன் நடந்து முடிந்துவிடும். மாமா அரிந்த மரத்துக்குப் பின்னால் இன்னொரு குற்றி கிடந்தது. நுனி அதில் முட்டியது.

இதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் சங்கிலித் தடுப்பு இருக்கிறது. வாள் துள்ளும்போது அது இயங்கிச் சங்கிலியை நிறுத்த வேண்டும். மாமாவின் வாளில் தடுப்பு இருந்தது, வேலை செய்யவில்லை. கடையிலேயே வாளை ஓடவிட்டுத் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். சங்கிலி உடனே நிற்காவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். துள்ளல் குறைந்த வகைச் சங்கிலியையும் கேட்டு வாங்கலாம்.

இடது கையின் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். அலகின் நேர்கோட்டில் தலையை வைக்காதீர்கள். தோளுக்கு மேலே வாளைத் தூக்கி அரியாதீர்கள். தனியாக ஒருபோதும் அரிய வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் சாரமும் செருப்புமாகவே வாளைப் பிடிக்கிறோம். சாரத்தின் தொங்கல் சங்கிலியில் சிக்கினால் கால் போய்விடும். சங்கிலியை இறுக்கி நிறுத்தும் நார் வைத்த காற்சட்டை கல்முனைக் கடைகளில் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. குறைந்தது தடித்த நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி, காது மூடி இருக்கட்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நெடுநேரம் கேட்டால் செவிப்புலன் பாதிக்கும்; பெற்றோல் வாளின் சத்தம் 100ஐத் தாண்டும்.

கடல் மணலும் சங்கிலியும்

கடற்கரை ஊரில் சங்கிலியின் முதல் எதிரி மணல். நிலத்தில் இழுத்து வந்த மரத்தின் பட்டையில் மணல் ஏறியிருக்கும். அலகு நுனி ஒரு தடவை மணலில் பட்டாலும் பற்கள் மழுங்கிவிடும். பெருக்கல் குறி வடிவில் தடிகளைக் கட்டி மரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். பட்டையைத் தும்புத்தடியால் தட்டிவிட்டு அரியுங்கள்.

கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மாப்போலத் தூள் வந்தால் அரம் போட வேண்டும். மூன்றின்கீழ் எட்டு அங்குலச் சிறுவகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம், .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரம். சங்கிலிக்கென்று விற்கும் ஒயிலையே ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த கறுப்பு ஒயிலில் உலோகத் தூள் இருக்கும், தோலுக்கும் கூடாது.

சட்டமும் உண்டு

உங்கள் வளவில் நிற்பதென்றாலும் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவற்றைக் காக்கிறது. மரத்தை வாகனத்தில் ஏற்றிப்போகவும் பல இனங்களுக்கு அனுமதி வேண்டும். சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும் நடைமுறையும் நாட்டில் இருக்கிறது. 2019 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவற்றின் இறக்குமதியையே நிறுத்தப்போவதாக அறிவித்தார். பிரதேச செயலகத்தில் இன்றைய விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எப்போது அரிவது?

பச்சை மரத்தின் நிறையில் பாதியளவு தண்ணீர். அது 20 வீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நன்றாக எரியும், இல்லாவிட்டால் புகைதான். வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. எங்கள் கரையில் மாரி ஐப்பசியில் தொடங்கிவிடும். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் அரிந்து, பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டால் மாரிக்குள் காய்ந்துவிடும்.

மாமா அந்த வாளை மறுபடி தொடவில்லை. இப்போது ஒவ்வொரு ஆனியிலும் ஐந்து வீட்டு மரத்தையும் எங்கள் வளவில் சேர்த்து, ஒரு நாளைக்கு வாள்காரரைக் கூப்பிடுகிறோம். பிளப்பது கோடாலியால், நானும் மச்சானும். மாமா கதிரையில் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கிட்ட வரவிடாமல் பார்த்துக்கொள்வார். கடந்த மாரியில் அம்மா இருமியது குறைவு.