போண்டியாக் ஜிடிஓ எதனால் இறந்தது?

பழைய அமெரிக்கக் கார் படங்களைப் பார்த்து ரசிப்பவரா நீங்கள்?
அப்போ இந்த நீண்ட இழை உங்களுக்குத்தான்.

நடுத்தர அளவு காரில் பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைத்து, இளைஞர்கள் வாங்கும் விலையில் விற்பது. மசில் கார் என்றால் அவ்வளவு தான். இந்த வகைக்கு வழி போட்டது 1964 மாடல் போண்டியாக் ஜிடிஓ.

பத்தே வருடத்தில் கதை முடிந்தது. "1973ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்துச்சு, போச்சு" என்பார்கள்.
அது கடைசி மூச்சு. நோய் அதற்கு முன்பே பிடித்துவிட்டது.

முதலில் பிறப்பைப் பார்ப்போம்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் பிரிவுகள் எதுவும் கார் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தயப் பெயரை வைத்தே விற்றுக்கொண்டிருந்த போண்டியாக் பிரிவுக்கு அது பெரிய அடி.

அதன் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. இவர்கள் வைத்தது 389. அதாவது சுமார் 6.4 லிட்டர்!

எப்படி? தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லீமான்ஸ் காருக்கான ஆப்ஷன் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

5,000 கார் என்று ஆரம்பித்தது, முதல் வருடமே 32,450 விற்றது. 1966இல் 96,946.

சரி, வண்டி எப்படி?

325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் கேட்டால் 348.
பிரேக்? நான்கு சக்கரத்துக்கும் டிரம் தான். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967இல் தான் வந்தது, அதுவும் கூடுதல் காசுக்கு.
தோள்பட்டை பெல்ட் கிடையாது. ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது, நேராக ஓட்டுபவர் மார்புக்கு வரும்.

ஜிடிஓ மட்டும் அல்ல, அந்தக் காலக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. விபத்துப் பிரிவில் டியூட்டி பார்ப்பவருக்கு இது வெறும் இயற்பியல் சூத்திரம் இல்லை. உடைந்த விலா, கிழிந்த மண்ணீரல்.

1966இல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த ஆண்டு தான் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பின் முதல் தலைவர் வில்லியம் ஹாடன். அவர் ஒரு மருத்துவர்!

"ஓட்டினவன் மேல தான் தப்பு" என்பதோடு நின்ற பேச்சை அவர் மாற்றினார். மலேரியா வந்தவரைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டோம், கொசுவைத் தேடுவோம் இல்லையா? விபத்தில் கிருமியின் இடத்தில் இருப்பது ஆற்றல். அது உடலைத் தாக்காமல் தடு என்றார். 1968 முதல் தோள்பட்டை பெல்ட்டும் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் கட்டாயமாயின.

அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. இளைஞர் கையில் இந்த வகைக் கார் என்றால் பிரீமியம் எகிறியது. காரை வாங்க முடிந்த பலரால் இன்சூரன்ஸ் கட்ட முடியவில்லை.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. காரீயம்.

ஜிடிஓவின் கம்ப்ரஷன் விகிதம் 10.75:1. சாதாரண பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் தட்டும். அதைத் தடுக்க அக்காலத்தில் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்தார்கள். 1921இல் அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் மிட்ஜ்லி, இதே ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில்!

அந்தக் காரீயம் புகையோடு வெளியேறித் தெருவில் படிந்தது.

1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காரீயம் கெடுத்துவிடும். எனவே 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனைக் குறைத்தது. மசில் காரின் மசில் அங்கேயே இளைத்தது.

1979இல் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களில் காரீயத்தை அளந்து வெளியிட்டார். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகள். ஆனால் காரீயம் அதிகம் இருந்தவர்களுக்கு ஐக்யூ மதிப்பெண் குறைவு, வகுப்பில் கவனமும் குறைவு.

நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து காரீயம் முழுவதும் விலகியது 2000இல். என் வயதுக்காரர்கள் சிறுவயதில் சுவாசித்ததும் அதே புகை தான்.

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தபோது நோயாளி ஏற்கெனவே படுக்கையில். 1974இல் விற்ற ஜிடிஓ 7,058 தான். அதோடு நிறுத்திவிட்டார்கள்.

ஜிடிஓ அழகான கார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், பாதி விலையை வாங்கியவர் கட்டவில்லை. ஓட்டியவரின் மார்பும் தெருவில் விளையாடிய குழந்தையின் மூளையும் கட்டின. அந்தப் பாக்கியைச் சட்டமும் இன்சூரன்ஸும் பில்லில் சேர்த்ததும் வியாபாரம் படுத்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளை பைக் கேட்டால், "எத்தனை சிசி?" என்பதற்கு முன் "பிரேக் எப்படி? ஏபிஎஸ் இருக்கா?" என்று கேளுங்கள்.
ஹெல்மெட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.