டேவிட் டேவிசும் பிரசெல்சு ஒளிப்படமும்

2016 ஜூன் 23 அன்று பிரித்தானியாவில் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றனர். அதன் பின் பிரதமரான தெரசா மே, விலகும் பணிக்கென ஒரு தனி அமைச்சகத்தை உருவாக்கினார். ஜூலை 13 அன்று டேவிட் டேவிசு அதன் அமைச்சரானார். ஐரோப்பிய விவகாரம் அவருக்குப் புதிதன்று. 1994 முதல் 1997 வரை ஜான் மேஜர் அரசில் ஐரோப்பிய விவகாரங்களைக் கவனித்தவர் அவர். ஒன்றியத்தின் சார்பில் எதிரே அமர்ந்த மிசேல் பார்னியேவும் 1995 முதல் 1997 வரை பிரான்சில் அதே பொறுப்பில் இருந்தவரே.

காகிதமில்லாத மேசை

2017 ஜூலை 17 அன்று பிரசெல்சு நகரில் இரண்டாம் சுற்றுப் பேச்சு தொடங்கியது. ஒன்றியத்தில் வாழும் பிரித்தானியர், பிரித்தானியாவில் வாழும் ஐரோப்பியர் ஆகியோரின் உரிமைகள், பிரித்தானியா செலுத்த வேண்டிய தொகை, வட அயர்லாந்து எல்லை ஆகியவை முன்னிருந்த சிக்கல்கள். தொடக்கத்தில் படமெடுக்க ஒளிப்படக்காரர்கள் அனுமதிக்கப்பட்டனர். அப்போது எடுத்த படத்தில் பார்னியே தரப்பினர் முன் தடித்த காகிதக் கட்டுகள் இருந்தன. டேவிசின் முன் எதுவும் இல்லை. அவருடைய குழுவினர் முன் ஒரு சிறு கறுப்புக் குறிப்பேடு மட்டுமே கிடந்தது.

படம் உடனே உலகெங்கும் பரவியது. பிரித்தானியா ஆயத்தமின்றி வந்திருப்பதன் அடையாளம் அது என்று பலரும் எழுதினர். சிறிது நேரத்திலேயே டேவிசு லண்டன் திரும்பியது அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. காகிதங்களைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே படம் எடுக்கப்பட்டுவிட்டது என்று பிரித்தானியத் தரப்பு விளக்கியது. அதிகாரிகள் தொடர்ந்து நான்கு நாள் பேச்சு நடத்தினர் என்பதும் உண்மை. ஆனால் படம் பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை.

நாடாளுமன்றக் குழு முன்

ஆயத்தம் பற்றிய கேள்விக்கு உறுதியான சான்று ஐந்து மாதம் கழித்தே கிடைத்தது. விலகலையொட்டி அரசு ஆய்வு செய்த 58 தொழில் துறைகளின் பட்டியல் அக்டோபரில் வெளியாகியிருந்தது. அந்த ஆய்வுகளை வெளியிட வேண்டும் என நாடாளுமன்றம் வலியுறுத்தியது. டிசம்பர் 6 அன்று டேவிசு நாடாளுமன்றக் குழு முன் தோன்றினார். வாகனத் தொழில், வானூர்தித் தொழில், நிதிச் சேவை ஆகியவற்றில் விலகலின் தாக்கம் மதிப்பிடப்பட்டதா என்று உறுப்பினர்கள் கேட்டனர். அத்தகைய தாக்க மதிப்பீடு எதுவும் இல்லை என்று அவர் விடையளித்தார். துறைகளைப் பற்றிய பகுப்பாய்வு வேறு, தாக்க மதிப்பீடு வேறு என்பது அவருடைய வாதம்.

இதற்கிடையே, செப்டம்பரிலேயே தலைமைப் பேச்சு அதிகாரி ஒல்லி ராபின்சு பிரதமரின் நேரடிப் பொறுப்பின்கீழ் மாற்றப்பட்டார். பேச்சின் கடிவாளம் பிரதமர் அலுவலகத்துக்குச் சென்றது. பிரதமரின் செக்கர்சு திட்டத்தை ஏற்க மறுத்து, 2018 ஜூலை 8 அன்று டேவிசு பதவி விலகினார். 2020 சனவரி 31 அன்று பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அந்த அமைச்சகமும் அன்றே மூடப்பட்டது.

சான்றாக ஒளிப்படம்

வரலாறு பயில்வோர் இங்கு இரண்டு சான்றுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேசையில் அந்த நொடியில் காகிதம் இல்லை என்பதை மட்டுமே படம் காட்டியது. பைக்குள் என்ன இருந்தது என்பதை அது காட்டவில்லை. தாக்க மதிப்பீடு இல்லை என்பது தெரியவந்தது நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளால். இன்றும் பலர் நினைவில் நிற்பது படம்தான். ஆயத்தம் எந்த அளவில் இருந்தது என்று அறிய விரும்புவோர் படிக்க வேண்டியது அந்தக் குழுவின் பதிவை.