இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் தன்விருப்பத் தாயகம் திரும்பல்

இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் தன்விருப்பத் தாயகம் திரும்பல் என்பது, இலங்கை இனப் போரினால் 1983 முதல் இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் தஞ்சமடைந்த தமிழர்கள், பிறருடைய வற்புறுத்தல் இன்றித் தம் முடிவின்படி இலங்கைக்கு மீளச் செல்லுதலையும், அதற்காக அரசுகளும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் செய்யும் ஏற்பாடுகளையும் குறிக்கும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் "தாயகம் திரும்பியோர்" என்றே அழைக்கப்படுகின்றனர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று.

இன்று முகாம்களில் வாழும் இளையோரில் மிகப் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள் ஆவர். ஆகவே "திரும்புதல்" என்ற சொல் அவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விக்குரியது. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. அலங்காநல்லூருக்கு அண்மையிலுள்ள ஆனையூரில் பிறந்து, மதுரையில் படித்து, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர் வாடிவாசலைக் காணச் செல்லும் ஓர் இளைஞனுக்கு மன்னாரும் வவுனியாவும் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர்ப்பெயர்களே. எனினும் சட்டத்தின் பார்வையில் அவன் சொந்த நாடு அதுவாகவே இருக்கிறது.

வரலாறு

1983 சூலை இனக்கலவரத்தை அடுத்து ஏதிலிகளின் முதல் அலை இராமேசுவரம் கரையை அடைந்தது. 1987 சூலை 29 அன்று இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும், அவ்வாண்டு திசம்பர் தொடங்கி 1989 ஆகத்து வரை 25,585 பேர் திரும்பினர். 1990 இல் இரண்டாம் ஈழப்போர் மூண்டபோது, திரும்பிச் சென்றவர்களில் பலர் மீண்டும் தமிழ்நாட்டுக்கே ஓடிவர நேர்ந்தது.

1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் தமிழ்நாட்டில் ஏதிலிகள் மீதான மனநிலை மாறியது. 1992 சனவரி 20 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில், 1995 மார்ச்சு வரை 54,188 பேர் அனுப்பப்பட்டனர். "தன்விருப்பம்" என்ற சொல் மிகுதியாக விவாதிக்கப்பட்ட காலம் இதுவே. முகாம்களில் சலுகைகள் குறைக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை ஏற்பட்டது. ஒப்புதல் படிவங்கள் ஏதிலிகள் அறியாத ஆங்கிலத்தில் இருந்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பழ. நெடுமாறனும் ச. இராமதாசும் 1992 இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்வாண்டிலேயே அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, செல்வோரின் விருப்பத்தை உறுதிசெய்யத் தொடங்கியது. உலக நிறுவனம் ஒன்று இப்பணியைச் செய்யும்போது அவ்விருப்பத்தைத் தான் ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் அந்நிறுவனத்துக்கு முகாம்களுக்குள் சென்று பேச இசைவு இருக்கவில்லை. புறப்படும் நிலையில் உள்ளவர்களை மட்டுமே அது வினவ முடிந்தது. விடையை ஏற்கனவே எழுதி முடித்தவரிடம் வினாத்தாளைக் காட்டுவதற்கு ஒப்பானது இது.

1995 ஏப்ரலில் போர் மீண்டும் தொடங்கியதும் அத்திட்டம் நின்றது. 2009 மே மாதம் போர் முடிந்த பின் நடப்பவை பெரும்பாலும் சிறு குழுக்களாக வானூர்தியில் செல்லும் பயணங்களாகும்.

இளையோரின் சட்ட நிலை

இந்தியா 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. இந்தியச் சட்டத்தில் "அகதி" என்ற தனி வகையும் இல்லை. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், செல்லத்தக்க கடவுச்சீட்டு இன்றி நுழைந்தவர் எவரும் குடியுரிமைச் சட்டத்தின்படி "சட்டவிரோதக் குடியேறி" ஆவார். படகில் உயிர் தப்பி வந்தவரிடம் கடவுச்சீட்டு இருப்பது அரிது.

பிறப்பால் குடியுரிமை பெறும் வழியும் காலப்போக்கில் குறுகியது. 1987 சூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், இந்தியக் குடிமகன் ஆவார். அந்நாள் முதல் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் ஆகாது. எனவே முகாமில் பிறந்த அண்ணன் குடிமகனாகவும் தம்பி நாடற்றவனாகவும் இருக்கக்கூடும். 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பிறந்தபோதே இருந்த உரிமையை அறியவும் நிறுவவும் அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டும் கருதியது. இலங்கையர் அதில் சேர்க்கப்படவில்லை.

நடைமுறை

திரும்ப விரும்புவோர் சென்னையிலுள்ள அகதிகள் ஆணைய அலுவலகத்தில் விண்ணப்பித்து வந்தனர். அங்கே தனித்தனியே நேர்காணல் செய்யப்பட்டு விருப்பம் பதிவாகி வந்தது. வானூர்திச் சீட்டும் மீள்குடியேற்றத்துக்கான சிறு உதவித்தொகையும் ஆணையத்தால் வழங்கப்பட்டு வந்தன. மறுவாழ்வு ஆணையரகத்தின் வழியாக நாட்டைவிட்டு வெளியேறும் இசைவு பெறப்படும்.

இளையோருக்கு இதற்கு முன்னரே இன்னொரு படி உண்டு. அவர்கள் இலங்கைக் குடிமக்கள் என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, வம்சாவழிக் குடியுரிமைச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். இதற்குப் பெற்றோரின் பிறப்பு, திருமண ஆவணங்கள் தேவை. அவை போரில் எரிந்தோ கடலில் தொலைந்தோ போயிருக்கும். இச்சான்றிதழ்களைத் திரட்டுவதில் சா. செ. சந்திரகாசன் 1984 இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலம் உதவிவருகிறது. இச்சான்றிதழ் செல்வதற்கு மட்டுமன்றி, இங்கேயே தங்கி இலங்கைக் கடவுச்சீட்டுப் பெறுவதற்கும் பயன்படுவதால், செல்லும் எண்ணம் இல்லாதவரும் இதனைப் பெற்று வைத்துக்கொள்வது நன்று.

தயக்கத்தின் காரணங்கள்

காணி முதன்மையானது. வலிகாமம் வடக்கில் 1990 இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சென்ற நிலங்கள் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அங்கே பெற்றோருக்குக் கிணறும் பனையும் நினைவில் உண்டு. பிள்ளைகளுக்கு எல்லைக்கல் எது என்றும் தெரியாது. படிப்பு, வேலை, சிங்களம் அறியாமை ஆகியவையும் தடைகளாகும். 2022 இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது மன்னார்ப் பகுதியினர் மீண்டும் படகேறித் தனுசுக்கோடிக்கு வந்தனர். அக்காட்சியைக் கண்ட முகாம்வாசிகளிடம் திரும்பும்படி கூறுவது எளிதன்று.

2025 மே மாதம் அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் சென்ற முதியவர் ஒருவர், முன்னர் அனுமதி பெற்ற வழியில் நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்ற காரணத்தால் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். இதனை எம். ஏ. சுமந்திரன் கண்டித்தார். உயிருக்கு அஞ்சித் தோணியில் தப்பியதைக் குடிவரவுக் குற்றமாகக் கொள்ளுதல், எந்த உதவித்தொகையும் ஈடுசெய்ய இயலாத அச்சத்தை விளைவிக்கும்.

ஊக்கமும் நெருக்குதலும்

செருமனி 1979 முதலே திரும்பிச் செல்வோருக்குப் பயணச்செலவும் தொடக்கத் தொகையும் வழங்குகிறது. ஐக்கிய அமெரிக்கா 2025 இல் ஆவணமற்றோர் தாமே வெளியேறினால் 1,000 டாலர் தருவதாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே, தனித்து வந்த 14 அகவைக்கு மேற்பட்ட சிறாருக்கு 2,500 டாலர் தர முன்வந்தது. மறுத்தால் காவலும் நாடுகடத்தலும் காத்திருக்கும்போது கொடுக்கப்படும் பணம் ஊக்கமா நெருக்குதலா என்பது அங்கும் எழுந்த வினாவாகும்.

தமிழ்நாட்டில் பணத்தைவிட முகாம் வாழ்க்கையே முடிவைத் தீர்மானிக்கிறது. 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில் வருகைப் பதிவின்போது அலுவலர் ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் ஓர் ஏதிலி உயிரை மாய்த்துக்கொண்டார். 2021 ஆகத்தில் மாநில அரசு 317 கோடி உரூபாயில் வீடுகளும் கல்விக் கட்டண உதவியும் அறிவித்து, முகாம்களை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" எனப் பெயர் மாற்றியது. அப்போது முகாம்களில் 58,822 பேரும் வெளியே 34,087 பேரும் இருந்தனர். தங்குவதும் தாங்கக்கூடியதாக இருந்தால்தான் செல்வது விருப்பமாகும் என்பதால், இவ்வறிவிப்பும் தன்விருப்பத் திரும்பலோடு தொடர்புடையதே.

2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து நடுவண் அரசு விலக்களித்தது. இவ்விலக்கு அவர்களுக்குக் குடியுரிமை எதனையும் வழங்கவில்லை.