ஏரிநாட்டு உள்ளான் வேட்டையும் பறவை நாய்களும்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வாலாஜாபாத்தை அடுத்துள்ள தென்னேரியின் பேரேரியைத் திரையன் என்னும் பழந்தொண்டை மன்னனோடு இணைத்துப் பேசுவது ஊர்வழக்கு. அம்மரபினனான தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, அவனது கச்சிக்கு, அதாவது காஞ்சிக்கு, செல்லும் வழியில் வாழ்ந்த எயினர் என்னும் வேட்டுவரின் தொழிலை நுணுக்கமாகக் காட்டுகிறது. எயினரின் முற்றத்து விளாமரத்தடியில் பார்வை மான், அதாவது காட்டு மானை ஈர்ப்பதற்கெனப் பழக்கிய மான், கட்டப்பட்டிருக்கிறது; இரவில் நீர்த்துறையருகே குழியில் மறைந்து பன்றிக்குக் காத்திருப்போர், பகலில் ஞமலி எனப்பட்ட நாய்களைப் புதருக்குள் ஏவி, முயல்களைக் கலைத்து, வேலிபோல் தொடுத்த வலைக்குள் விழச் செய்கின்றனர். விருந்தினருக்குப் படைக்கும் சோற்றோடு நாய் பிடித்துக் கொணர்ந்த உடும்பின் பொரியலும் வருகிறது. ஆக, வேட்டைப் பொருளைத் தன் தலைவனிடம் சேர்க்கும் நாயைத் தொண்டை நாடு பிற்காலத்தில் வெள்ளையரிடமிருந்துதான் அறிந்துகொண்டது என்று கருதுவதற்கு இடமில்லை.

எனினும் எயினரின் நாய்க்கும் ஐரோப்பியப் பறவை நாய்க்கும் இடையே பயிற்சியில் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னதற்கு வேண்டியது விரைவும் மூர்க்கமுமே. கலைத்துத் துரத்துவது நாயின் வேலை, பிடிப்பது வலையின் வேலை. முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் சிப்பிப்பாறை, கன்னி முதலிய தென்மாவட்ட இனங்களும் இந்த வழியில் வந்தவையே. பறவை நாய்க்கோ துரத்தாமல் இருப்பதே முதற்பாடம். பாயிண்டர், செட்டர் ஆகியவை பறவையின் மோப்பம் கிடைத்த இடத்தில் அசையாது நின்றோ பதுங்கியோ அத்திசையைக் காட்ட வேண்டும். ஸ்பேனியல் துப்பாக்கி எட்டும் தொலைவைத் தாண்டாமல் புதரைத் துழாவிப் பறவையை எழுப்ப வேண்டும். ரெட்ரீவர் வெடிச்சத்தத்துக்கும் விழும் பறவைக்கும் சலனமின்றி உட்கார்ந்திருந்து, ஏவல் கிடைத்தபின் சென்று, இறகு கசங்காதபடி மென்வாயால் கவ்விக் கொணர்ந்து கையில் ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு துப்பாக்கியோடு சேர்ந்தே வளர்ந்தது. குழல்வாய் வழியே மருந்திடும் பழைய துப்பாக்கியில் ஒரு முறை சுட்டதும் வெடிமருந்தைக் கொட்டி, அடைப்பை இறக்கி, சிறு ஈயக்குண்டுகளைப் போட்டு, மீண்டும் அடைத்துக் கம்பியால் கெட்டித்து, விசைக்கடியில் தொப்பியைப் பொருத்த வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் நாய் தரையோடு தரையாகப் படுத்திருந்தாக வேண்டும். இல்லையேல் அருகிலிருக்கும் மற்றப் பறவைகளும் வெற்றுத் துப்பாக்கியின் முன் எழுந்து பறந்துவிடும். வில்லியம் நெல்சன் ஹட்சின்சன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1848-இல் வெளியிட்ட நாய்ப்பயிற்சி நூல், இளநாய்க்கு முதற்பாடங்களை வயலில் அன்றி வீட்டிலேயே தொடங்கச் சொல்கிறது. கையசைவைப் பார்த்துப் படுப்பதும் வருவதும் பழகிய பிறகே அதற்குப் பறவையின் வாசனை காட்டப்படுகிறது. சாட்டையைவிடப் பொறுமையை நம்பும் அந்த முறை, அக்காலத்து முரட்டுப் பழக்கங்களோடு ஒப்பிடுகையில் வியப்பூட்டுவது. பின்னர் அடிப்பகுதியில் தோட்டா இடும் துப்பாக்கி பரவியதும் ஒருவர் ஒரு நாளில் வீழ்த்தும் பறவைகளின் எண்ணிக்கை பெருகியது. அவற்றைத் தேடியெடுக்கும் ரெட்ரீவரின் மதிப்பும் உயர்ந்தது. பயிற்சியே போட்டியாகவும் மாறி, 1865-இல் இங்கிலாந்தின் சவுத்ஹில் என்னுமிடத்தில் பாயிண்டர், செட்டர் நாய்களுக்கான முதல் களப்போட்டி நடந்தது. லாப்ரடார் 1903-இல் அங்குள்ள கென்னல் கிளப்பால் தனி இனமாக ஏற்கப்பட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன வயல்களுக்கு இந்நாய்களை இழுத்து வந்தது உள்ளான் வேட்டை. நீண்ட அலகுடைய இப்பறவை வடநாடுகளிலிருந்து செப்டம்பர், அக்டோபரில் வந்திறங்கி, மார்ச் வரை நெல்வயல்களின் சேற்றில் புழு தேடும். ஊசிவால் உள்ளான் முன்னதாகவும் விசிறிவால் உள்ளான் சற்றுப் பின்னதாகவும் வரும். இரண்டையும் பறக்கும்போது பிரித்தறிவது கடினமாதலால், வீழ்ந்த பறவையின் வாலை விரித்து, ஓரச்சிறகுகள் ஊசிபோல் ஒடுங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது வேட்டைக்காரர் வழக்கம். பின்னாளில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷலுடன் சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வேட்டைப்பறவை நூலிலும் உள்ளான்களுக்கு விரிவான இடம் உண்டு.

உச்சிவெயிலில் உள்ளான் எளிதில் எழாமல் ஒட்டிக் கிடக்குமாதலால், வேட்டைக்கு ஏற்ற நேரமும் அதுவே. அந்த நேரந்தான் குளிர்நாட்டு நாய்க்குப் பகை. முழங்கால் சேற்றில், நெற்றாளுக்கிடையில், நீராவி எழும் வயலில் அடர்மயிர் ஸ்பேனியல் விரைவில் களைத்துவிடும். ஆகவே பறவையை எழுப்பும் வேலையும் தேடியெடுக்கும் வேலையும் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்திய ஊராரிடம் வந்தன. அவர்கள் வரிசையாக வயலுக்குள் நடந்து பறவையைக் கிளப்பினர். பழுப்புக் கோடுகளால் சேற்றோடு நிறங்கலந்துவிடும் உள்ளான் எந்தத் தாளடியில் விழுந்தது என்பதைக் கண்ணால் குறித்துவைத்து எடுத்துவந்தனர். ரெட்ரீவருக்கு மாதக்கணக்கில் கற்பிக்கும் பாடம் இதுவேதான். நாயின் வம்சாவளியைப் பெருமையோடு பதிவுசெய்த வேட்டை எழுத்துகள், இவர்களைப் பெரும்பாலும் கூலி என்ற சொல்லோடு கடந்துவிடுகின்றன.

வெயிலைவிடக் கொடியது உண்ணிக் காய்ச்சல். குதிரையேறி நரியைத் துரத்துவதற்கென மதராஸ் ஹண்ட் என்ற வெள்ளையர் சங்கம் வளர்த்துவந்த நாய்களின் இரத்தத்தில், செவ்வணுக்களுக்குள் புகுந்து அவற்றைச் சிதைத்து இக்காய்ச்சலை உண்டாக்கும் புதிய ஒட்டுண்ணி ஒன்றை டபிள்யூ. எஸ். பாட்டன் கண்டறிந்து 1910-இல் அறிவித்தார். அதே உயிரி உள்ளூர் நரிகளின் இரத்தத்திலும் இருந்தது. பபீசியா கிப்சோனி என இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர் அறிந்துள்ள நோய்க்கிருமி, இவ்வாறு மதராஸ் வேட்டை நாய்களிலிருந்துதான் அறிவியல் ஏட்டில் ஏறியது. துரத்தப்பட்ட நரிக்கும் துரத்திய நாய்க்கும் ஒரே நோய் என்பது அவ்வேட்டையின் விசித்திரங்களுள் ஒன்று.

துப்பாக்கிக்கு இந்நாட்டார் எல்லா இடத்திலும் பணிந்துபோகவில்லை. தென்னேரிக்குத் தெற்கே உள்ள வேடந்தாங்கலில், ஏரிமரங்களில் கூடுகட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் கலெக்டர் லயனல் பிளேஸ் அப்பறவைகளுக்குக் காப்பளித்து கவுல் என்னும் உறுதி ஆவணம் வழங்கினார். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தனர் என்பதே இதன் காரணமாகக் கூறப்படுகிறது. நஞ்சைக்கு உரந்தரும் பறவையை உணவாகவோ விளையாட்டாகவோ காண்பதற்கு அவ்வூருக்குத் தேவை எழவில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் உள்ளான் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. பறவை நாய்க்கான களம் சட்டப்படி இந்தியாவில் இல்லை. ஆயினும் ரெட்ரீவர் மறையவில்லை. எறிந்ததைத் தேடிக் கொண்டுவரும் அதன் தீராத ஆசையே, வெடிபொருளையும் போதைப்பொருளையும் மோப்பம்பிடிக்கும் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று: குறித்த வாசனையைக் கண்டுபிடித்துச் சத்தமின்றி உட்கார்ந்தால் பந்து கிடைக்கும் என்பதை லாப்ரடார் குட்டி சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறது. அதே முறையில், டிராஃபிக் என்னும் காட்டுயிர் வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2008-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பழக்கப்பட்ட நாய்கள், பல மாநிலங்களின் வனத்துறைகளோடு சேர்ந்து புலித்தோலையும் எலும்பையும் மோப்பம்பிடித்து, வேட்டையாடியவர்களைச் சிக்கவைத்து வருகின்றன.